பட்டறைச் சன்னலுக்கு ஒரு கண்ணாடித் தாள்

ஹெட்லியின் பட்டறைக் கொட்டகையிலிருந்து, அவன் அப்பா விட்டுப்போன, மரம் சீவும் இழைப்புளி காணாமல் போனது. பூட்டு உடையவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு நாரிஸைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? வேலியோரம் நிற்கும்போதெல்லாம் அவன் கண் அந்தச் சன்னலுக்குள்தான் மேயும்.

சன்னலை மறைத்தாக வேண்டும். பழைய வலைத்திரை ஒன்று கிடக்கிறது, மாட்டிக்கொள் என்றாள் மனைவி டோரீன். மரத்தூள் அப்பி நாலு நாளில் நாறிவிடும் என்றான். மரக்கதவு போட்டால், உள்ளே ஏதோ பொக்கிஷம் இருப்பதாகத் திருடனுக்கு நாமே தண்டோரா போட்டது போலாகும். பால்நிறக் கண்ணாடி போட்டால் தனக்கும் வெளியே தெரியாது. அதுதான் அவனுக்கு ஆகாத விஷயம். ஊர் தன்னைப் பார்க்கக் கூடாது, தான் மட்டும் ஊரைப் பார்க்க வேண்டும். கடைசியில், வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடியாகத் தெரிகிற தாளை வாங்கிவந்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினான். மறுநாளே நாரிஸ் வேலிக்கு மேல் எட்டி, அதில் பார்த்துத் தலை சீவிக்கொண்டான். உள்ளே நின்ற ஹெட்லிக்குப் புல்லரித்தது.

வியாழக்கிழமை, கிளப்புக்கு டார்ட்ஸ் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டு, பின்சந்து வழியாகத் திரும்பிக் கொட்டகைக்குள் பதுங்கினான். யார்க்‌ஷயர் டிசம்பர், மூன்றரை மணிக்கே மங்கத் தொடங்கிவிட்டது. நாரிஸ் வேலியருகே வந்தான். கையில் இழைப்புளி. ஆனால் அதை வாங்கிக்கொள்ள நின்றவள் டோரீன்.

பலகைச் சுவர் வழியே பேச்சு கேட்டது.

“எங்க வீட்டுக் கதவு இப்ப வழுக்கிட்டு மூடுது. நான் அவன்கிட்ட நேராவே கேட்டிருப்பேன்,” என்றான் நாரிஸ்.

“கேட்டா குடுக்கிற ஆளா அவன்? அவன் ஆஸ்பத்திரில கிடந்தப்ப எங்க கூரையில ஏறிச் சரிபண்ணினது நீதான். உனக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அடுக்களைல தொங்குற சாவிய எடுத்துத் திறந்துட்டேன்.”

கூரையைச் சரிசெய்தது யார் என்று ஹெட்லி ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் பிறவிக்குணம் எங்கே போகும்? இன்னும் எதெல்லாம் வேலி தாண்டியிருக்கிறதோ என்று பார்க்க, பழக்கதோஷத்தில் விளக்கைப் போட்டான்.

திரும்பினால், சன்னலில் தன் மூஞ்சிதான் தெரிந்தது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அந்தத் தாள் கண்ணாடியாகும். வெளியே இப்போது இருட்டு. உள்ளே அவன், கிளப்புக்குப் போட்டுக்கொண்ட கோட்டோடு, வெளியே இருப்பவர்களுக்குப் பளிச்சென்று தெரிய நின்றுகொண்டிருந்தான்.

டோரீனின் குரல், கோபம்கூட இல்லாமல் கேட்டது.

“நாரிஸ், அதை அவன்கிட்டயே குடுத்துட்டுப் போ. உள்ளதான் நிக்கிறான்.”