பிர்கன் தெருவில் வேகம் அளந்த வாரம்

1

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனிதகுலத்தின் வரலாறு வேகத்தின் வரலாறுதான். அந்த வேகத்துக்குக் கடிவாளம் போடத் துணிந்தவர்களே மெய்யான வீரர்கள்.

இப்படித்தான் தொடங்கினேன். பிர்கன் தெருவின் மொத்த நீளம் இருநூற்று நாற்பது மீட்டர் என்பது ஞாபகம் வந்ததும் பேனா கூசிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் கட்டடத்துத் துணி துவைக்கும் அறையில். செவ்வாய்க்கிழமை ஹெடி அமாகரின் முறை முடிந்து என் முறை தொடங்குவதற்குள் ஐந்து நிமிடம் இருந்தது. அவள் சொன்னது அந்த ஐந்து நிமிடம். மிச்சம் என் கைச்சரக்கு.

2

ஹெடி, நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். தங்கை ரோஸ்லி எதிர்ச்சாரியில் இருக்கிறாள். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனபின் சக்கரம் வைத்த நடைதாங்கியைத் தள்ளிக்கொண்டுதான் நடமாட்டம். பிப்ரவரியில் ஒரு கார் அதன் முன்சக்கரத்தைத் தட்டிவிட்டுப் போனது. அன்றிலிருந்து ரோஸ்லி தெருவைக் கடப்பதில்லை.

(ஹெடி அங்கே போகலாமே என்கிறீர்கள். போகிறாள். ஆனால் ரொட்டிக்கடை, டிராம், மருத்துவர் எல்லாம் இந்தப் பக்கம்.)

"தூன் ஊர்ல ஒரு முதியோர் இல்லத்துல இடம் இருக்காம். செப்டம்பருக்குள்ள சொல்லணும்," என்றாள் ரோஸ்லி.

"தூனா? அங்க உன்கூட யாரு சீட்டாடுவா?"

"யாராவது ஆடுவாங்க ஹெடி. உன்ன மாதிரி தோத்துட்டு மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டாங்க."

ஹெடி அன்று மாலையே நகராட்சிக்கு மனு எழுதினாள்: எங்கள் தெருவில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்பதை முப்பதாக்குங்கள். கையெழுத்துகள் அறுபத்தொன்று. மேல்மாடி ஸ்டூக்கி எதிர்மனு எழுதினார்: ஐம்பதைத் தொடாதீர்கள். கையெழுத்துகள் ஐம்பத்தெட்டு.

[இரண்டிலும் இருக்கும் பெயர்கள் ஒன்பது. அதில் ஒன்று என்னுடையது. படிக்கட்டில் மறித்துக் கேட்டால் மனிதன் என்ன செய்வான்?]

3

இந்த இடத்தில் ஹெடியின் இளமையில் ஒரு மோட்டார்சைக்கிள்காரன் — வேண்டாம்.

நகராட்சி விளக்குக் கம்பத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கட்டியது. ஒரு வாரம் போகிற வருகிற கார்களின் வேகத்தை அது அளக்கும், அபராதம் போடாது. இங்கேதான் என் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. வேறு எந்த ஊர்க்காரியும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஆனால் இது, பிறந்தநாளுக்கு ஆறு பேரைக் கூப்பிட்டாலே 'சத்தம் வரலாம், பொறுத்தருளவும்' என்று பத்து நாள் முன்பு படிக்கட்டில் காகிதம் ஒட்டுகிற நாடு. ஹெடியும் ஒட்டினாள். எல்லாக் கட்டடங்களிலும்.

'அன்புள்ள அயலவர்களே, திங்கள் முதல் ஞாயிறு வரை நம் தெருவில் வேகம் அளக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறேன்.'

அந்த வாரம் தெருவே சவ ஊர்வலம்போல நகர்ந்தது. நகராட்சி பதில் எழுதியது: இங்கே ஏறக்குறைய எல்லோரும் முப்பத்தொன்றுக்குள்தான் ஓட்டுகிறார்கள், 'முப்பது' என்று பலகை வைக்கத் தேவையில்லை, பாராட்டுகள்.

"எழுதி வேற ஒட்டுனியா?" என்றாள் ரோஸ்லி.

"சொல்லாம கொள்ளாம அளந்தா மரியாதையாவா இருக்கும்?"

"திருடனுக்குத் தகவல் சொல்லிட்டுப் போலீசைக் கூப்பிட்டிருக்கே. நல்லா வெளங்கும்."

4

ஹெடி விடவில்லை. ஆகஸ்டில் மறுபடியும் அளக்க வந்தார்கள். இந்தமுறை காகிதம் ஒட்டவில்லை. ஆனால் பெட்டிக்கு எங்கே போய் ஒளிவது? ஸ்டூக்கி பார்த்தார், யோசித்தார்: எல்லோரும் மெதுவாகப் போனால் பலகை வராது, ஐம்பது பிழைத்துக்கொள்ளும். ஹெடியும் பார்த்தாள், யோசித்தாள். ஆக, ஐம்பது கேட்டவர்கள் இருபத்தெட்டில் ஊர்ந்தார்கள். முப்பது கேட்டவர்கள் ஐம்பதில் பறந்தார்கள்.

(ஹெடி ஓட்டியது சரியாக ஐம்பது. ஐம்பத்தொன்று சட்டவிரோதம்.)

கார் நிறுத்துமிடத்தில் நடந்தது:

"ஃபிராவ் அமாகர், இவ்வளவு அவசரமா எங்க?"

"ரொட்டி வாங்க."

"காலைலேர்ந்து இது ஒம்பதாவது ரொட்டி."

"பசிக்குது, ஹெர் ஸ்டூக்கி. உங்க வண்டிக்கு என்ன நோவு? ஒரு நத்தை முந்திட்டுப் போச்சே."

"இயற்கையை ரசிச்சுட்டு வர்றேன்."

இருவரும் மிகுந்த மரியாதையோடு தலையசைத்துக்கொண்டார்கள்.

5

முடிவு அ: பலகை வந்தது. வியாழக்கிழமை ரோஸ்லி தெருவைக் கடந்து வந்து சீட்டில் ஜெயித்தாள். (திகட்டுகிறது.)

முடிவு ஆ: பலகை வரவில்லை. சாமான் வண்டி தூனுக்குக் கிளம்பியபோது ஹெடி சன்னலில் — (எழுத முடியாது. அடுத்த செவ்வாய் அதே அறையில் அவள் முகத்தில் விழிக்க வேண்டும்.)

முடிவு இ: நகராட்சி நாற்பது என்றது. யாருக்கும் திருப்தியில்லை, ஆகவே எல்லோருக்கும் சம்மதம்.

நான் இதை எழுதும் இன்று வரை கடிதம் வரவில்லை. செப்டம்பருக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு வர மாட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அது ஹெடி சொன்ன ஐந்து நிமிடத்தில் இல்லை. என் சன்னலிலிருந்து நானே பார்த்தது. இரண்டாவது தடவை அளந்த வாரம், புதன்கிழமை. ஸ்டூக்கியின் ஆட்கள் ஊர்ந்துகொண்டிருந்ததால் தெரு சாதுவாகக் கிடந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு ரோஸ்லி நடைதாங்கியைச் சாலையில் இறக்கினாள். இரண்டு அடி வைத்தாள். ஒரு கார் ஐம்பதில் வந்தது. ரோஸ்லி பின்வாங்கி வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஓட்டியது ஹெடி.