நாலு வாசர்

என் கணவர் டிலுக்சனுக்குக் கார் திருத்தத் தெரியாது. படகு எஞ்சின் என்றால் பேசாலையில் அவரை அடிக்க ஆளில்லை; அதை நான் மறுக்கவில்லை. அந்தத் திமிரில்தான் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு பொனெற்றைத் திறந்து, காரின் தண்ணீர்ப் பம்பைத் தானே மாற்றினார். அன்றிலிருந்து கார் கீச்சிட்டுக்கொண்டே ஓடியது. வியாழக்கிழமை பெல்ட் கழன்றது. "பெல்ட் டூப்ளிக்கேட்" என்றார். புதிதாக இரண்டு வாங்கி ஒன்றைப் போட்டார். அதுவும் கீச்சிட்டது.

கராஜுக்குக் கொண்டுபோங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். திங்கட்கிழமை என் அம்மாவுக்கு வவுனியாவில் கண் ஒப்பரேசன். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். பத்து மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். தவறினால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதிலும் ஆட்கள் நிழலாகத்தான் தெரிகிறார்கள்.

அந்தத் திங்கள் காலை, வவுனியா போகும் வழியில் எருக்கலம்பிட்டிச் சந்தியில், நிப்ராஸின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், பெல்ட் திரும்பவும் கழன்றது. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. மணி ஆறே முக்கால். அம்மா பின்சீற்றில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இந்த பெல்டும் சரியில்ல" என்றார் டிலுக்சன்.

"ரெண்டு பெல்டும் சரியில்ல, உங்கட கை மட்டும் சரி, என்ன?"

கழன்ற பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்க விளிம்பு மட்டும் நார்நாராகக் கிழிந்திருந்தது. பெல்ட் சுற்றும் கப்பிகள் நேராக நிற்கவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று அவரிடம் நீட்டினேன்.

"கப்பி நேராத்தான் கிடக்கு. கண்ணால பாத்துப் பூட்டினனான்."

கண்ணால் பார்த்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிக்கியில் கிடந்த, மீன்பிடிக்கும் தங்கூசி நூலை எடுத்து, கீழ்க் கப்பியின் பள்ளத்திலிருந்து பம்ப் கப்பியின் பள்ளத்துக்கு இழுத்துப் பிடித்தேன். நூல் சரிந்து நின்றது. பம்ப் கப்பி ஒரு நாணயத் தடிப்புக்கு முன்னால் தள்ளி நின்றது.

"கப்பிக்குப் பின்னால என்ன வச்சனீங்கள்?"

அவர் துணியால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார்.

"வாசர். போல்டுக்கு ஒண்டு. நாலு."

"ஏன்?"

"இரும்பும் இரும்பும் முட்டினா உப்புப் பிடிச்சு இறுகிப்போகும். பிறகு கழற்ற ஏலாது. போட்டில அப்பிடித்தான் செய்யிறனாங்கள்."

"இந்தக் காரைக் கடலிலயோ இறக்கப் போறீங்கள்?"

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. எஞ்சின் ஆறும்வரையும், அவர் போல்டைக் கழற்றும்போதும், வாசர் வளையங்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தேன். கிணற்று மோட்டரில் தொடங்கி மகளின் சைக்கிள் வரைக்கும், அவர் கைவைத்துக் கெடுத்த எல்லாவற்றையும் இழுத்தேன். "உன்ர வாயாலதான் எனக்குப் போல்டுச் சாவி வழுக்குது" என்று அவரும் கத்தினார். கடைக்கு வந்தவர்கள் தேத்தண்ணியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். நியாயம் என் பக்கம் இருந்தது.

மிச்சமிருந்த பெல்ட்டைப் போட்டு எஞ்சினை இயக்கியபோது ஒரு கீச்சும் இல்லை. மணி ஏழே முக்கால். விரட்டி ஓடினால் பத்து மணிக்குள் போய்விடலாம்.

"அம்மா, வெளிக்கிடுவம்" என்று திரும்பினேன். பின்சீற்றில் யாரும் இல்லை. கிளினிக் கொப்பி இருந்த பையும் இல்லை.

"அவ ஏழு மணி பஸ்ஸில போயிட்டா அக்கா" என்றான் நிப்ராஸ். "வவுனியா பஸ்ஸோ எண்டு என்னட்டத்தான் கேட்டவ. பலகையை வாசிச்சுச் சொல்லி, கையைப் பிடிச்சு ஏத்தி விட்டனான்."

நிழல் மட்டும் தெரிகிற மனுசி, தனியாக. அவன்மீதும் எனக்குக் கோபம் வந்தது. "எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"நான் ஏன் சொல்ல? அவவே உங்களை ரெண்டு தரம் கூப்பிட்டவ."

கூப்பிட்டார்தான். இரண்டு தரமும் எனக்குக் கேட்டது. இரண்டு தரமும் திரும்பிப் பார்க்காமலே, "கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ அம்மா" என்று கத்தினேன்.