மேடையில் எரிந்த மஞ்சள் விளக்கு

1

இந்தக் கதை ஒரு சின்ன விளக்கிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய அனுபவம் எதையோ மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்து, பிறகு ஏமாற வேண்டாம்.

என் அக்கா மகள் பட்டம் வாங்கிய விழாவுக்குப் போயிருந்தேன். யார் யாரோ பேசினார்கள். எல்லோரும் கனவு காணச் சொன்னார்கள். முடிந்த பிறகு, படம் எடுத்துக்கொள்ளக் குடும்பம் குடும்பமாக மேடைக்கு ஏற்றினார்கள். அப்போதுதான் பார்த்தேன். பேசுகிறவர் நிற்கும் மேஜையில், கீழே இருப்பவர்கள் கண்ணில் படாதபடி ஒரு பெட்டி, அதில் மூன்று சின்ன விளக்குகள். பச்சை எரிந்தால் பேசலாம். மஞ்சள் எரிந்தால் முடிக்கப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். யாரோ அணைக்க மறந்ததில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற அத்தான் அதைப் பார்த்ததும் வலது கையைப் பாதி உயர்த்தி, "மஞ்சள்" என்றார். யாரிடமும் இல்லை. ஆனால் நல்ல சத்தமாக. படம் எடுக்கிறவர் என்னவோ ஏதோவென்று கேமராவைத் தாழ்த்திவிட்டார்.

அத்தான் ரயில் டிரைவர்.

(அந்தப் படத்தில் அவர் கை இன்னும் பாதி உயரத்திலேயே நிற்கிறது. அக்காவுக்கு அதில் இன்றுவரை மனத்தாங்கல்.)

2

முதல் தொடக்கம்: ‘அன்று காலை மண்டபத்தின் கண்ணாடிக் கதவுகளில் வெயில்’ — வேண்டாம். வெயில் எந்தக் கதையில்தான் விழவில்லை?

இரண்டாவது: ‘மேடைப் படியில் கால் வைத்தபோது அவளுக்கு’ — இதுவும் வேண்டாம். படியில் கால் வைக்கிறவளுக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது: கடுகுக்குப் பேச வராது.

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

கடுகு என்பது கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். ஆள் அவ்வளவு சிறிசு. ரயில் டிரைவர் பயிற்சிப் பள்ளியில் அவள் இன்ஜினில் உட்கார்ந்தால், தண்டவாளம் கண்ணுக்குத் தெரிய இருக்கையை முழுக்க மேலே ஏற்ற வேண்டியிருந்தது. அவளுக்கு அசிஸ்டென்டாக ஜோடி சேர்த்துவிட்டது நெட்டையை. நெட்டை இன்ஜின் கதவில் குனிந்து நுழைகிறவள். ஜோடி சேர்த்த பயிற்றுநருக்கு நகைச்சுவை உணர்வு என்று ஒன்று கிடையாது, எப்படியோ அமைந்துவிட்டது. கடுகு பேசாமல் விட்டதையெல்லாம் நெட்டை பேசினாள். மெஸ்ஸில் கடுகுக்கு இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றால்கூட நெட்டைதான் கேட்பாள்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அசிஸ்டென்டும் பார்த்துவிட்டு அதே நிறத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் பச்சை. மஞ்சள் என்றால் மஞ்சள். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லக் கூடாது, கண்ணில் பட்டதைத்தான் சொல்ல வேண்டும் என்று கத்திக் கத்தியே பயிற்றுநரின் தொண்டை நிரந்தரமாகக் கட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் பழக்கம் மாணவர்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போய், சினிமாவுக்குப் போகும் வழியில் சாலைச் சிக்னலைப் பார்த்துக்கூடக் கூவினார்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

பயிற்சி முடிகிற நேரத்தில், தேர்வு ஓட்டத்தில், மழை விட்ட ஒரு சாயங்காலம், கடுகு கையை நீட்டி “பச்சை” என்றாள். பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. பின்னால் பயிற்றுநர் நின்றுகொண்டிருந்தார். கடுகு மறுபடியும் சொன்னாள்.

"தெரியல" என்றாள் நெட்டை.

அடுத்த சிக்னலுக்கும் அதையேதான் சொன்னாள்.

கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கண்ணின் உள்பக்கம் ஏதோ தேய்ந்துகொண்டு வருகிறது, மங்கிய வெளிச்சத்தில் நிறம் பிடிபடாது, கண்ணாடி போட்டாலும் சரியாகாது என்றார் அவர். டிரைவர் வேலை இனி இல்லை. முன்பதிவு அலுவலகத்தில் உட்காரும் வேலை வேண்டுமானால் தரலாம் என்றார்கள்.

அவள் ‘பச்சை’ என்று சும்மா திருப்பிச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் நினைத்துக்கொண்டே இருந்தாள் கடுகு. யாருக்கும் தெரிந்திருக்காது.

3

பயிற்சி நிறைவு விழாவில் மாணவர் சார்பில் ஒருவர் பேச வேண்டும். வகுப்பு ஒருமனதாகக் கடுகைத் தேர்ந்தெடுத்தது. காரணத்தை யாரும் மறைக்கவில்லை: அவள் பேசினால் சீக்கிரம் முடிந்துவிடும், சாப்பாட்டுக்குப் போகலாம்.

(பட்டம் என்று எதுவும் இல்லை, சான்றிதழ்தான். ஆனாலும் பள்ளி முதல்வர் கறுப்பு அங்கிகளை வாடகைக்கு எடுத்துவிட்டார். அவருக்கு அங்கியில் ஆசை.)

கடுகின் அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மகள் எழுதிய முதல் உரையைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி படித்துவிட்டு, இயந்திரத்தின் மூடியைத் திறந்து அடுத்தவர் தாளை வைத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. இந்த வாரம் நாலஞ்சு பேர் இதையேதான் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனாங்க.”

இரண்டாவது உரை இன்னும் மோசம். அதில் ரயில் வாழ்க்கையாகவும் தண்டவாளம் ஒழுக்கமாகவும் வந்தன. கடுகே கிழித்துப் போட்டாள்.

மூன்றாவதை அவள் எழுதவில்லை, அதுவாக வந்தது. ‘எங்கள் வகுப்பில் ஒருத்தி தெரியவில்லை என்று சொன்னாள்’ என்று தொடங்கியது. மற்றதையெல்லாம் நாங்கள் படித்து மார்க் வாங்கினோம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்களில் யாரும் சொல்லியிருப்போமா என்று தெரியாது என்று போனது. எழுதி முடித்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கும் ஏதோ பேச இருக்கிறது என்று கடுகுக்குத் தோன்றியது. அதை எடுத்துக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குப் போனாள்.

நெட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படித்தாள். மெதுவாகப் படித்தாள். மடித்தாள். வேலை போனதுகூடப் பழகிவிடும், எல்லோரும் தன்னைப் பார்க்கிற பார்வைதான் பழகவில்லை என்றாள். தெருக்கோடிக் கடைக்காரர்வரைக்கும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாராம்.

“இதை நீ பேசினா கை தட்டுவாங்கடி. நல்லாவே தட்டுவாங்க. ஆனா அதுக்கப்புறம் நான் உன் கூட்டாளி இல்ல. ஒரு பாடம்.”

கடுகு மடித்த தாளை வாங்கிக்கொண்டாள்.

“என்னப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. வந்துச்சுன்னா எழுந்து போயிடுவேன். அப்புறம் இந்தப் படி ஏறாத.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெட்டை விளையாட்டுக்குப் பேசும்போது எப்படி இருப்பாள் என்று கடுகுக்குத் தெரியும்.

4

இங்கே நான் சில நாட்கள் எழுதாமல் இருந்தேன்.

எனக்கு நெட்டையின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நேர்மையான ஆள் உண்டா? நான்தான் கதையின் வசதிக்காக அவளை உயரமாக்கிவிட்டேனோ? வேறொரு நெட்டையை எழுதிப் பார்த்தேன். அவள் ‘பச்சை’ என்று திருப்பிச் சொல்லிவிடுகிறாள், சான்றிதழ் வாங்குகிறாள், பல வருடங்கள் கழித்து ஒரு — அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த வண்டியில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தானுக்குப் போன் செய்தேன். உண்மையில் ஒரு ஆள் அப்படிச் சொல்வாரா என்று கேட்டேன். பின்னணியில் அக்கா குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது.

“சொல்லணும்” என்றார் கடைசியில். “நான் சொல்லியிருப்பேனான்னு என்னைக் கேக்காத.”

இன்னொரு சங்கடமும் இருந்தது, அதுதான் பெரிது. என்னைப் பற்றிப் பேசாதே என்று அவள் சொன்னது கடுகிடம் மட்டும்தானா? அவளைப் பாடமாக்காமல் ஒரு கதை எழுத முடியுமா? மேடையில் கடுகு பேசத் தயங்குவதை, இங்கே நான் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். கடுகு என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

(கோழைத்தனம்தான்.)

5

கடுகு அந்தப் பகுதியை வெட்டிவிட்டாள். வெட்டிய இடத்தில் வேறு எதையும் வைத்துத் தைக்க முடியவில்லை. முன்னால் நன்றி, பின்னால் நன்றி, நடுவில் ஓட்டை. தாளில் அந்த இடத்தில் ‘கொஞ்சம் நிறுத்து’ என்று மட்டும் எழுதி வைத்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் கறுப்பு அங்கியில் வகுப்பு, ஓரத்தில் பயிற்றுநர், பின்னால் வீட்டுக்காரர்கள். கடைசி வரிசையில், சட்டையில் ‘விருந்தினர்’ என்று ஒட்டிய துண்டோடு நெட்டை. கடுகின் அம்மா அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து நெட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மைக்கை இறக்கினார்கள். இன்னும் இறக்கினார்கள். வகுப்பு சிரித்தது. மேஜையில் இருந்த விளக்குப் பெட்டியில் பச்சை எரிந்தது.

முதல் பாதியைக் கடுகு தப்பில்லாமல் படித்தாள். முதல்வருக்கு நன்றி, பயிற்றுநருக்கு நன்றி, மெஸ்காரருக்கு நன்றி. பிறகு அந்த இடம் வந்தது. நிறுத்தினாள். தலையைத் தூக்கினால் கடைசி வரிசை தெரியுமே என்று தூக்கவில்லை. கண் பெட்டியின் மேலேயே இருந்தது.

மஞ்சள் எரிந்தது.

அவள் கை தானாக நீண்டது. “மஞ்சள்!” என்றாள், இன்ஜினில் சொல்கிற அதே குரலில், மைக்கில்.

“மஞ்சள்!” என்றது வகுப்பு முழுவதும், ஒரே குரலில்.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நிகழ்ச்சியில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று சிலர் கை தட்டினார்கள். வகுப்பு தன்னையே பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. பயிற்றுநர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்குகிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தம் போடாமல், பக்கத்து இருக்கைக்குச் சொல்வதுபோல, ஆனால் தெளிவாக.

“தெரியல.”

வகுப்பில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருடைய குரல் என்று எல்லோருக்கும் தெரியும்.

6

கடுகின் கையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. என் கையில் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்றில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். தேர்வு ஓட்டம், மழை விட்ட சாயங்காலம், கண் மருத்துவர், எல்லாம். மண்டபம் எழுந்து நிற்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கலங்கியதாலேயே அடித்துவிட்டேன். அந்தக் கைதட்டலில் எழுந்து வெளியே போகிற நெட்டையை யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்றில் அவள் தாளைப் பார்த்து, ‘மேலும், விழாவுக்கு வந்து சிறப்பித்த’ என்று — போதும்.

மூன்றாவதில் அவள் தாளை மடித்தாள். பேச வராதவள் தாளும் இல்லாமல் நின்றாள். பிறகு வகுப்பைப் பார்த்து, வீட்டில் பேசுவதுபோலப் பேசினாள்.

“அங்கேருந்து இந்த விளக்கு தெரியாது. பெட்டியோட முதுகுதான் தெரியும். இவ்ளோ பேர் மஞ்சள்னு சொன்னீங்களே, யாரு பாத்தீங்க? நான் சொன்னேன்னு சொன்னீங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

“ஒருத்தர்தான் சரியா சொன்னாங்க. நாளைக்கு எனக்கு அந்த மாதிரி ஒருத்தர் பக்கத்துல வேணும். எனக்குச் சொல்றதுக்கு இவ்ளோதான் இருக்கு.”

சிவப்பு எரிந்தது. அவள் இறங்கிவிட்டாள்.

வீட்டுக்காரர்கள் ஏதோ தொழில் விஷயம் என்று விட்டுவிட்டார்கள். முதல்வர் நேரத்துக்கு முடித்ததைப் பாராட்டினார். வகுப்பு மட்டும் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தை மறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. கடைசி வரிசையில் நெட்டையின் நாற்காலி காலியாக இருந்தது. எப்போது எழுந்தாள் என்று பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

7

கடுகு வாக்கைக் காப்பாற்றினாளா, மீறினாளா? அவள் பேசியது விளக்கைப் பற்றித்தான். நெட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படியும் சொல்லலாம். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றும் சொல்லலாம். நெட்டைதான் முதலில் வாயைத் திறந்தாள், அது அனுமதி என்று கடுகின் பக்கம் பேசலாம். பழக்கதோஷத்தில் வந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வது நியாயமா என்று நெட்டையின் பக்கமும் பேசலாம். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. இதில் தீர்ப்பு சொல்ல உரிமை உள்ளவள் ஒருத்திதான்.

அவள் வீட்டுக்குப் போய்விடவில்லை. அந்த அளவுக்கு நான் பார்த்துவிட்டேன். மண்டபத்தின் பக்கவாட்டுப் படியில், குடை வைக்கும் கூடைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். சட்டையில் ஒட்டிய துண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். தாள் வந்துவிட்டது, பசை வரவில்லை. கடுகு, கால் தடுக்கும் அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி வந்து இரண்டு படி மேலே நிற்கிறாள். அதனால் இருவரும் இப்போது ஒரே உயரம். உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம்.

நெட்டை சுரண்டுவதை நிறுத்துகிறாள். கோபமா இல்லையா என்று அவள் முகத்திலிருந்து நான் படித்துச் சொல்ல முடியும். சொன்னால் அது என் வார்த்தையாகிவிடும். அவள் வாயில் ஏற்கெனவே நிறைய வைத்துவிட்டேன்.

நான் இப்படியே கிளம்புகிறேன். நீங்கள் கொஞ்ச நேரம் இருங்கள். அவள் பேசப் போகிறாள்.