நாக்பூர் கம்பெனி தாம்பரத்தில் குடியிருந்ததா?

1

இந்தக் கதை எனக்குச் செங்கல்பட்டு ரயிலில் கிடைத்தது. எதிர் சீட்டில் இரண்டு வக்கீல்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். "கம்பெனிக்கு உடம்பு கிடையாது ஓய். ஆனா அது எங்கயாவது குடியிருந்தாகணும். இல்லேன்னா அதை எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிடறது?" என்றார் ஒருவர். மற்றவர் தோலை ஜன்னல் வழியே ஊதிவிட்டு, "கூப்பிட்டா வந்துடுமா?" என்றார். தாம்பரத்தில் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குத்தான் முதுகு சில்லிட்டுவிட்டது. உடம்பு கிடையாது, ஓரிடத்தில் குடியிருக்கும், கூப்பிட்டால் வரும். எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் மேல் நாக்பூரில் கேஸ் போடும். அங்கே போய்வர எனக்குத் தெம்பு கிடையாது. (இந்த ஒரு வரியிலேயே கதை முழுக்க இருக்கிறது. அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.)

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"1987ஆம் வருடம் நாக்பூர் கம்பெனி மேற்குத் தாம்பரத்துக்கு வந்து, ஒரு மாடியறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த—"

நிறுத்திவிட்டேன். எது உட்கார்ந்தது? உட்கார வைக்க முடியாத ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு கதை எழுதக் கிளம்பியது என் கொழுப்புதான். சரி, உடம்புள்ள ஒருத்தியிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

அனகாபுத்தூர் ஜெயக்கொடி. அவள் புருஷன் கேசவன், வெல்டிங் வேலை. அந்த வருடம் அவன் கம்பெனியின் மாடியறைக்குப் போய், ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். கூடப் போன ஜெயக்கொடி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வடக்கே ஏதோ அணைக்குச் சுரங்கம் தோண்டும் வேலை. போனவன் சில மாதம் வரைக்கும் தெருமுனை மளிகைக் கடைக்கு போன் போட்டு அவளைக் கூப்பிட்டுப் பேசினான். அப்புறம் போன் வரவில்லை. மாடியறைக்குப் போய்ப் பார்த்தாள். பூட்டியிருந்தது, போர்டைக் காணோம். நாக்பூரில் ஆள் விட்டு விசாரித்ததற்கு, கேசவன் என்று யாரையும் தெரியாது, தாம்பரத்தில் எங்களுக்கு ஆபீஸே இருந்ததில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

3

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் வக்கீல் தோத்தாத்ரி அவளுக்குப் பொறுமையாகவே விளக்கினார். "அவன் தலைமை ஆபீஸ் நாக்பூர்ல இருக்கட்டும்மா. இங்க ஒரு கிளை வெச்சு, விஷயம் அந்தக் கிளையில நடந்திருந்தா, நம்ம செங்கல்பட்டு கோர்ட் அவனைக் கூப்பிடலாம். கிளை இருந்ததுன்னு காட்டணும், அவ்வளவுதான்."

"காட்ட முடிலன்னா சார்?"

"நாக்பூர்ல போய்ப் போடுன்னு ஜட்ஜ் கேஸைத் திருப்பிக் கொடுத்துடுவார்."

"நான் மெட்ராஸையே முழுசாப் பாத்தது இல்ல சார்."

"நஷ்ட ஈடு எவ்வளவு கேக்கலாம்?"

"அது அப்பால பாத்துக்கலாம் சார். அவரு கீறாரா இல்லியான்னு அவுங்க வாயால சொல்லணும். அதான் எனக்கு வோணும்."

(இந்த இடத்தில் அவளை அழ வைத்துப் பார்த்தேன். இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒட்டவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை, அழவைக்கிற ஆசை என்னுடையது.)

4

கேஸ் போட்டாயிற்று. சம்மனை எடுத்துக்கொண்டு கோர்ட் அமீனா சவுரிமுத்து மாடியறைக்கு வந்தார். நான் எழுதிய வாக்கியம் இதுதான்: "கதவு பூட்டியிருந்தது." அதோடு பேனாவை மூடிவிட்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "பூட்டில் சந்தனமும் குங்குமமும் ஈரமாக இருந்தன, வாசலில் பூசணிக்காய் உடைபட்டுக் கிடந்தது." என் கையெழுத்துதான். எழுதிய ஞாபகம் இல்லை. அடித்துவிட்டேன். மறுபடி நகல் எடுக்கும்போது அதே இடத்தில் அதே வரி வந்து உட்கார்ந்துகொண்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை என்றால் கடை, ஆபீஸ், ஒர்க்‌ஷாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள், சரி. சவுரிமுத்து போனது தீபாவளியும் கழிந்த பிறகு. பூசணிக்காய் வாடவே இல்லை. மனிதர் அதிகம் யோசிக்கிறவர் இல்லை. சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு, "தொழில் நடப்பதாகத் தெரிகிறது" என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டார்.

தபாலில் நாக்பூருக்குப் போன சம்மன் விலாசம் சரியில்லை என்று திரும்பி வந்தது. ஆனால் அடுத்த வாய்தாவுக்கே கம்பெனியின் சார்பில் வக்கீல் சுப்ரமணியன் ஆஜராகிவிட்டார். நாங்கள் தாம்பரத்தில் இல்லை என்று சொல்வதற்காக.

(ஆளில்லாத கதவில் ஒட்டிய காகிதத்தைப் படித்தது யார்? தோத்தாத்ரி இதைத்தான் கோர்ட்டில் கேட்டார். "கேள்விப்பட்டோம்" என்றார் சுப்ரமணியன். "தகவல் தெரியறது வேற, தொழில் நடத்தறது வேற" என்று ஜட்ஜ் அதை ஒதுக்கிவிட்டார். எனக்கு ஒதுக்க முடியவில்லை.)

5

தோத்தாத்ரி அவளை நேராகவே கேட்டார். "ஏம்மா, பொட்டு நீ வெச்சியா?"

"இல்ல சார். நான் எதுக்கு சார் அங்க போறேன்?"

அவள் வைக்கவில்லை. இதற்கு நானே சாட்சி. அந்த நாட்களில் ஆற்றில் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதி அவளை அனகாபுத்தூரை விட்டு நகரவிடாமல் வைத்திருந்தேன். அந்தப் பக்கங்கள் நீளமாக இருந்ததால் கிழித்துவிட்டேன், ஆனால் தண்ணீர் வந்தது வந்ததுதான்.

அவளே போய்ப் பார்க்கக் கிளம்பினாள். கட்டடத்துக்காரர் அப்துல் கஃபார் சாவியோடு கூட மாடியேறினார். "நானும் வெக்கல தங்கச்சி. நம்ம வூட்ல இந்தப் பழக்கம் கிடையாது. சாவி ஒண்ணே ஒண்ணு, அது என் இடுப்புலதான் கீது. வாடகைக்கு விடலாம்னு ஆளுங்களக் கூட்டியாந்தேன். உள்ள வந்து நின்னுட்டு, அப்பால சொல்றேன் பாய்னுட்டுப் போறாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாங்க."

கதவு திறந்தது. அறை காலி. இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த அறையில் தூசி இல்லை. தரையில் சின்னச் சின்னதாகச் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். முதலில் அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் மேஜை இருந்த இடம் ஞாபகம் வந்தது. மேஜையின் நான்கு கால்கள் இருந்த இடத்தில் நான்கு பொட்டு. பீரோ இருந்த இடத்தில் நான்கு. எல்லாச் சாமானும் போன பிறகும் எதையும் விட்டுவிடாமல் யாரோ பூஜை போட்டிருந்தார்கள்.

ஜன்னலோரம், அன்று கேசவன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் நான்கு. அந்த நான்குக்கும் முன்னால், ஒட்டினாற்போல், இன்னும் இரண்டு.

"இது இன்னாது பாய்? பெஞ்சுக்கு நாலு காலுதானே?"

கஃபார் அவள் கையைப் பார்த்தார். ஜெயக்கொடி குனிந்து தொட்டுவிட்டிருந்தாள். ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. ஓர் ஆள் பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் அங்கேதான் இருக்கும். ஆயுதங்களுக்குத்தான் பொட்டு வைப்பார்கள்.

"வா தங்கச்சி, கீழ போயிடலாம்" என்றார் கஃபார்.

6

கோர்ட். 1990. ஒரு பக்கம், அவள் கண்ணால் பார்த்த போர்டு, கையெழுத்து, பெஞ்சு. மறுபக்கம் சுப்ரமணியன்: "யாரோ ஒரு காண்டிராக்டர் அறை எடுத்து எங்க பேரை மாட்டியிருக்கான். பொட்டெல்லாம் அந்தம்மா ஏற்பாடு." ஜட்ஜுக்கு இரண்டும் சரிசமமாகப் பட்டது. மீதி இருந்தது அமீனா பார்த்தது மட்டும்தான். கூண்டில் நின்றவளைக் கேட்டார்.

"இதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. அந்தச் சந்தனத்தை நீ வெச்சியா?"

இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் பூஜை போட்டது கம்பெனிதான், அது இங்கே இருந்தது என்று ஆகும். அது செங்கல்பட்டுக்கு வந்து வாயைத் திறந்தே ஆகவேண்டும். கம்பெனி சொல்லப்போகும் அந்தப் பதிலையும் எழுதிப் பார்த்தேன்: "மேற்படி கேசவன் என்ற தொழிலாளி 1988ஆம் வருடம் சுரங்கத்தில்—" அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. பெஞ்சுக்கு முன்னால் அந்த இரண்டு பொட்டைத் தொட்டவளுக்கு மீதி வாக்கியம் தெரியும் என்றே நினைக்கிறேன்.

ஆமாம் என்று பொய் சொன்னால்? கம்பெனி தாம்பரத்துக்கு வரவே இல்லை என்று ஆகிவிடும். வராத கம்பெனி கேசவனைக் கூட்டிப் போயிருக்க முடியாது. கேஸ் திரும்பிவிடும். அவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம், நெற்றியில் இருப்பது அப்படியே இருக்கும். மளிகைக் கடையில் போன் அடித்தால் இனியும் திரும்பிப் பார்க்கலாம். இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

7

ஜெயக்கொடி நான் எழுதிய இரண்டையும் சொல்லவில்லை. ஜட்ஜைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்தான் வெச்சேன்னு சொன்னா, அவரு எங்கியோ கீறாருன்னு நெனச்சிகினு இருப்பேன். நான் இல்லன்னு சொன்னா, அவுங்க வந்து சொல்லிடுவாங்க. ரெண்டுல எது வோணும்னு எனக்குத் தெர்ல சார். நீங்களே சொல்லுங்க."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "அதைத் தீர்மானிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாதும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை.

எனக்கும் கிடையாது. நான் அவளைக் கூண்டில் ஏற்றினவன், அவ்வளவுதான். ஆனால் சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. ஒரு விவகாரத்தில் ஒரு பகுதி எந்த ஊரில் நடந்தாலும் அந்த ஊரில் அதை விசாரிக்கலாம். இதில் ஒரு பகுதி, நீங்கள் இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் நடந்துவிட்டது.

அவள் இப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள்.