வெறுங்கையை வச்சுக்கிட்டு கட்டினவன்

"எதுக்குடா கட்டின? அதை மட்டும் சொல்லு. எதுக்குக் கட்டின?"

"கத்தாத வெண்டல். ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். கையில ஒண்ணுமே இல்ல உனக்கு. ஒண்ணுமே இல்லாம எதுக்குக் கட்டின?"

"ஆட்டம்டா அது. ஆட்டத்துல கட்டுறது ஒரு குத்தமா?"

பாருக்குப் பின்னாடி, வண்டிங்க நிக்கிற இடத்துல வெண்டலுக்கும் டுவேனுக்கும் நடந்த சண்டை இது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பனி அப்பதான் விட்டிருந்துச்சு. சிகரெட் பிடிக்க வந்த ரெண்டு பேர் சுவத்தோரமா நின்னுக்கிட்டு கேக்காத மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தன், "வெண்டல், நாலாவது வந்தவனுக்குக் குடுக்குற சாண்ட்விச் கூப்பன் உனக்கு வேணாம்னா இங்க குடு, எனக்குப் பசிக்குது"ன்னான். வெண்டல் பாக்கெட்ல இருந்து அதை எடுத்து அவன் கையில வச்சுட்டு, டுவேனோட பிக்கப் வண்டியில ஏறி உக்காந்தான். வேற வழியில்ல. ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் வந்திருந்தாங்க.

வெண்டல் ஹார்க்கினுக்கு அம்பத்து சொச்சம் வயசு. டீர் லாட்ஜ்ங்கிற சின்ன ஊர்ல ஸ்கூல் பஸ் ரிப்பேர் பாக்குறவன். டுவேன் மாக்கி அதே ஊர்ல மரக்கடையில வேலை. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா மத்தியானச் சாப்பாட்டை முடிச்சுட்டு ரெண்டு பேரும் பக்கத்து ஊரான பியூட்டுக்குக் கிளம்பிடுவாங்க. அங்க ஒரு பாரோட பின் ரூம்ல சின்ன போக்கர் டோர்னமென்ட். நுழையுற காசு ஒரு குடும்பம் வெளிய சாப்பிடுற செலவுதான். கூட்டம் பெருசா இருந்தா நாலு மேசை, பனிக்காலத்துல மூணு. யாரும் இதுல பணக்காரன் ஆனதில்ல. ஆனா வாரம் பூரா பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்கிறவனுக்கு, ஒரு மத்தியானம் மூளையை வச்சு உக்காந்து ஆடுறது எவ்வளவு பெரிய விஷயம்னு ஆடினவங்களுக்குத்தான் தெரியும்.

போற வழியில அதிகம் பேச மாட்டாங்க. திரும்புற வழியிலதான் பேச்சே. எந்தக் கையில என்ன இருந்துச்சு, எங்க பயந்தேன், எவனை சும்மா மிரட்டினேன், எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லிடுவாங்க. அதுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. வண்டியில பேசினது வண்டியோட போயிடணும். மேசையில அதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. இத்தனை வருஷத்துல ரெண்டு பேரும் அதை மீறினதில்ல. வெண்டலுக்கு விவாகரத்து நடந்த வருஷம் அவன் வாய் விட்டு அழுதது அந்த வண்டியிலதான். அதுவும் வெளிய போகல.

அன்னிக்கு நடந்தது சாதாரண ஞாயித்துக்கிழமை ஆட்டம் இல்ல. சீசனோட கடைசி ஆட்டம். முதல் மூணு இடத்துல வர்றவங்களுக்கு மிசூலாவுல நடக்குற பெரிய போட்டியில இடம், ஹோட்டல் ரூமோட. டுவேன் ரெண்டு தடவை போயிருக்கான். வெண்டல் போனதே இல்ல. அஞ்சாவது, ஆறாவதுன்னு கிட்ட வந்து வந்து நழுவிடும். "இந்த வருஷம் சேந்து போறோம்டா. நான் குறட்டை விடுவேன், நீ பஞ்சு கொண்டு வா"ன்னு டுவேன்தான் கோடைக்காலத்துல இருந்தே சொல்லிக்கிட்டு இருந்தான்.

கடைசியில நாலு பேர் மிச்சம். வெண்டல், டுவேன், ஆர்வில்னு ஒரு மாட்டுப் பண்ணைக்காரக் கிழவர், அப்புறம் ட்ரீனா பாப்போவிச். ட்ரீனா பியூட்ல முடி வெட்டுற கடை வச்சிருக்கிறவ, நாக்கு கூர்மை. டுவேன் முன்னாடி காசுக்குப் பதிலா வச்சு ஆடுற சிப்பு மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. வெண்டல்கிட்ட ஓரளவு. ஆர்வில்கிட்ட அதைவிடக் கொஞ்சம் கம்மி. ட்ரீனாகிட்ட கைப்பிடி அளவுதான். அடுத்து ஒருத்தர் வெளிய போயிட்டா மத்த மூணு பேருக்கும் மிசூலா உறுதி.

ட்ரீனா இருந்த எல்லாத்தையும் நடுவுல தள்ளினா. "எடுத்துக்குங்க, இல்லைன்னா என்னைப் பொழைக்க விடுங்க. நாளைக்கு எட்டு மணிக்கு ஒரு மாப்பிள்ளைக்குத் தாடி ஒதுக்கணும்"னா. ஆர்வில் இந்தக் கை வேணாம்னு சீட்டைப் போட்டுட்டார். வெண்டல்கிட்ட ரெண்டு ஒம்பது. அவ வச்ச அளவுக்கு வச்சு கூட வந்தான். டுவேனும் கூட வந்தான்.

போக்கர் தெரியாதவங்களுக்காக இதைச் சொல்லியே ஆகணும். இந்த மாதிரி நேரத்துல மேசைக்கு மேசை ஒரு எழுதாத வழக்கம் உண்டு. ஒருத்தி இருக்கிறதையெல்லாம் வச்சுட்டா. அவளை வெளிய அனுப்புனா மத்த எல்லாருக்கும் லாபம். அதனால மத்த ரெண்டு பேரும் மேல மேல கட்டாம, அமைதியா கடைசி வரைக்கும் போய் சீட்டைத் திறப்பாங்க. ஒருத்தன் தோத்தாலும் இன்னொருத்தன் அவளை ஜெயிக்கலாமே. யாரும் வாய் திறந்து பேசி வச்சுக்கிறது இல்ல. அது தப்பு. ஆனா எல்லாருக்கும் தெரியும். நடுவுல ஒருத்தன் கட்டினான்னா ஒரே அர்த்தம்தான். அவன்கிட்ட நெஜமாவே பெரிய கை இருக்கு, நீ ஒதுங்கிக்கோ, அவளை நான் பாத்துக்கிறேன்.

சீட்டு போடுற கிளெண்டா, எல்லாருக்கும் பொதுவா மேசை நடுவுல வைக்கிற அஞ்சு சீட்டுல முதல் மூணைத் திறந்தா. ராஜா, ஏழு, நாலு.

வெண்டல் மேசையைத் தட்டினான், கட்டலைன்னு. டுவேன் தன் சிப்பை எண்ணிப் பாத்தான். அப்புறம் ஒரு பெரிய அடுக்கை எடுத்து முன்னாடி வச்சான்.

வெண்டல் அவனைப் பாத்தான். டுவேன் தலை நிமிரல. சரி, ராஜா வச்சிருக்கான்னு வெண்டல் நினைச்சான். வேற யாராவது கட்டியிருந்தா ரெண்டு தடவை யோசிச்சிருப்பான். போன வருஷம் ஒரு லாரி டிரைவர் புதுசா வந்து, இதே மாதிரி நேரத்துல கையில ஒண்ணுமில்லாம கட்டிட்டான். "தம்பி, நீ யாருக்கு ஆடுற? உனக்கா, வெளிய போக வேண்டியவனுக்கா?"ன்னு அவனை நிக்க வச்சு டோஸ் விட்டதே டுவேன்தான். அப்படிப்பட்டவன் கட்டுறான். வெண்டல் ரெண்டு ஒம்பதையும் கவுத்துப் போட்டுட்டான்.

இனி கட்ட யாரும் இல்ல. சீட்டைத் திறந்தாங்க. ட்ரீனாகிட்ட ஏஸும் நாலும். மேசையில இருந்த நாலோட சேந்து ஒரு ஜோடி. டுவேன்கிட்ட ராணியும் எட்டும். மேசையில எதோடயும் சேராது. வெறுங்கை.

"அட!"ன்னார் ஆர்வில்.

மிச்ச ரெண்டு பொதுச் சீட்டா வந்தது, ஒரு ரெண்டாம் நம்பரும் ஒரு ஜாக்கியும். டுவேனுக்கு ஒண்ணும் வரல. ட்ரீனா குவியலை இழுத்துக்கிட்டா. வெண்டலோட ரெண்டு ஒம்பதும் ஆட்டத்துல இருந்திருந்தா அவ அப்பவே வெளிய. வெண்டலுக்கு மிசூலா.

அதுக்கப்புறம் வெண்டல் கண்ட கைக்கெல்லாம் கட்டினான். நல்லா ஆடலைன்னு அவனே சொல்லுவான். கொஞ்ச நேரத்துல ட்ரீனாகிட்டயே மிச்சத்தையும் விட்டுட்டு எந்திரிச்சான். நாலாவது. பன்னிக்கறி சாண்ட்விச் கூப்பன்.

இப்ப திரும்புற வண்டிக்கு வருவோம். டுவேன் ரேடியோவை வச்சான். வெண்டல் அணைச்சான்.

"அந்த லாரி டிரைவரை ஏசினியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தெரியாம கட்டினேன்னு சொல்லாத."

டுவேன் முன்னாடி போன பனி தள்ளுற வண்டி பின்னாலயே ஊர்ந்துக்கிட்டு வந்தான். அப்புறம் சொன்னான், "உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நானும் ட்ரீனாவும்... செப்டம்பர்ல இருந்து."

"என்ன, நீயும் ட்ரீனாவும்?"

"முடி வெட்டப் போனேன். அப்படியே..."

"உன் தலையில இருக்குற முடிக்கு செப்டம்பர்ல இருந்தாடா வெட்டுறா?"

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கணும். வழக்கமா வந்திருக்கும். வரல.

"மிசூலாவுக்கு அவளும் வரணும்னு இருந்துச்சு. ரெண்டு நாள், வெளியூரு, ஹோட்டலு. அவ ஒரு நாள் ஆசையா பேசினா. அவ அந்தக் கடையை விட்டு எங்கயும் போனதில்லடா."

"அவ கேட்டாளா உன்னை?"

"சத்தியமா இல்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கா அந்த நிமிஷம் தோணுச்சு. அடுத்து ஆர்வில்தான் போவாருன்னு நினைச்சேன். அந்த ஆளு எப்பவும் கடைசியில சொதப்புவாரு. நீயும் வந்துருப்ப, அவளும் வந்துருப்பா. யாருக்கும் நஷ்டம் இல்ல."

"நான் கூடவே வந்திருந்தா? சீட்டைப் போடாம இருந்திருந்தா?"

"நீ போட்டுடுவேன்னு எனக்குத் தெரியும்டா"ன்னான் டுவேன். கெட்ட எண்ணத்துல சொல்லல, சமாதானம் சொல்ற குரல்லதான் சொன்னான். "ஆர்வில்னா விடாம கூட வந்து பாத்துடுவாரு. நீ மாட்ட. நான் கட்டினா நெஜம்னு நீ நம்புவ."

ஆட்டம் போனது, மிசூலா போனது, ட்ரீனா விஷயத்தை மறைச்சது, இதெல்லாம் ஒரு பக்கம். இத்தனை வருஷமா தன் பேச்சுல வெண்டல் வச்ச நம்பிக்கையை டுவேன் ஒரு சீட்டு மாதிரி கையில பிடிச்சு வச்சிருந்து, தேவைப்பட்டப்ப எடுத்துப் போட்டிருக்கான். அதுதான் வெண்டலுக்குப் பொறுக்கல. வீட்டு வாசல்ல இறங்கினப்ப டுவேன், "அடுத்த ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு வரவா?"ன்னு கேட்டான். வெண்டல் கதவைச் சாத்திட்டுப் போயிட்டான்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஷெட்ல இருக்கும்போது கிளெண்டா போன் பண்ணினா. அந்த போக்கர் ரூமை நடத்துறதும் அவதான்.

"வெண்டல், மிசூலாவுக்கு நாளைக்குப் பேரு அனுப்பணும். ஒண்ணு கேக்கணும்ப்பா. டுவேன் கட்டினதை நான் பாத்தேன். எனக்கும் கண்ணு இருக்கு. முட்டாள்தனமா ஆடினா தண்டனை கிடையாது, அப்படிப் பாத்தா என் ரூம்ல ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். ஆனா ஒருத்தியைக் காப்பாத்தணும்னே கட்டியிருந்தா அது வேற. அவன் இடம் போயிடும், அந்த இடம் உனக்கு. ரெண்டுல எது?"

"அவனையே கேளுங்க."

"கேட்டேன். பழக்கத்துல கை போயிடுச்சுங்கிறான். ட்ரீனாவையும் கேட்டேன், அவ என்னையே திட்டுறா, 'என் சீட்டுல நான் ஜெயிச்சேன், உனக்கென்ன'ன்னு. நான் அவளை நம்புறேன். அவனைத்தான் நம்ப முடியல. அவன்கூட வண்டியில போறவன் நீ. நீ என்ன சொல்றியோ அதை எடுத்துக்கிறேன்."

சாயங்காலம் சொல்றேன்னு வெண்டல் வச்சுட்டான். உடனே டுவேனுக்குப் போட்டான்.

"நீயே சொல்லிடுடா. கிளெண்டாகிட்ட நீயே உண்மையைச் சொல்லிடு. உனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்."

"சொன்னா இந்த வருஷம் பூரா உள்ள விட மாட்டா."

"தெரியும்."

"வெண்டல்... அது வண்டியில சொன்னதுடா."

"தெரியும்டா."

"அப்ப எதுக்கு இந்தப் பேச்சு?"ன்னு டுவேன் வச்சுட்டான்.

மூணு பஸ்ஸோட பிரேக்கை முடிச்சு, கையைக் கழுவி, கையைத் துடைச்சு, மறுபடியும் கழுவிட்டு வெண்டல் கிளெண்டாவைக் கூப்பிட்டான். "தெரிஞ்சுதான் செஞ்சான். அவன் வாயாலயே சொன்னான்"னான். கிளெண்டா, "சரிப்பா"ன்னா. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, புது சீசனோட முதல் ஆட்டத்துக்கு, வெண்டல் தன்னோட வண்டியில தனியா போனான். ஆர்வில் முதுகுல தட்டி, "சரியான வேலை பண்ணின"ன்னார். ஆனா அதே மேசையில இன்னொருத்தர், சிரிச்சுக்கிட்டேதான், "வெண்டல்கிட்ட இனிமே வானிலையைப் பத்தி மட்டும்தான் பேசணும் போல"ன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. வெண்டலும் சிரிக்கிற மாதிரி வாயை வச்சுக்கிட்டான். இடைவேளையில அவன் காபி எடுக்கப் போன இடத்துல பேச்சு நின்னு நின்னு போச்சு.

ட்ரீனா வந்தா. "உன்மேல எனக்குக் கோவம் இல்ல"ன்னா. "அவனைக் கதவுக்கு வெளிய நிறுத்திட்டேன், அதை விடு. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த ஏஸ் நாலை வச்சு ஜெயிச்சு வந்தேனே, அன்னிக்கு ராத்திரி பூரா எங்கக்காவுக்குப் போன் பண்ணி அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். நானா ஆடி ஜெயிச்சதுன்னு. அவன் பண்ணினதுல அது பொய்யாச்சு. நீ சொன்னதுல அது ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

வெண்டல், "ஸாரி"ன்னான். அவ, "நீ எதுக்கு ஸாரி சொல்ற? அதுதான் எனக்கும் புரியல"ன்னுட்டு தன் இடத்துல போய் உக்காந்தா.

மிசூலா அடுத்த மாசம். வெண்டல் பேரு போயிடுச்சு, ரூமும் போட்டாச்சு. டுவேன் மரக்கடையில எதிர்ல பாத்தா உள்ள போயிடுறான். வெண்டல் இன்னும் போறதா வேணாமான்னே இருக்கான். போனா, திரும்பி வர்ற வழியில எந்தக் கையை யார்கிட்ட சொல்லுவான்னு அவனுக்கே தெரியல.

வருஷக்கணக்கா ஒரே ஆளோட சேந்து சீட்டாடப் போறவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. வெண்டல் கிளெண்டாகிட்ட சொன்னது சரியா? வண்டியில சொன்னதை வெளிய சொல்லிட்டதால அவனும் டுவேனும் இப்ப ஒண்ணுதானா? நீங்களா இருந்தா மிசூலாவுக்குப் போவீங்களா? உங்களுக்கு இப்படி நடந்திருந்தா, அந்த ஆளோட மறுபடி பேசினீங்களா, எப்படிப் பேச ஆரம்பிச்சீங்க? தயவுசெஞ்சு கீழ பதில் எழுதுங்க. "ஆட்டம்தானே, விடுப்பா"ன்னு மட்டும் எழுதாதீங்க. அதை டுவேனே சொல்லிட்டான்.