ஆற்றுத் திட்டில் பெண் வீடு

எங்கள் கரேன் இன வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வரவேண்டும். வருகிறவனைக் குடம் குடமாக நனைத்த பிறகே வீட்டு ஏணியில் ஏறவிடுவோம்.

என் தங்கை லா வாவின் கல்யாண நாளாகப் பார்த்துப் படகுத்துறையை மூடிவிட்டார்கள். நாட்டு எல்லையாக ஓடும் மோய் ஆற்றின் அக்கரையில் மாப்பிள்ளை ஹே தோ மேளத்தோடு வெயிலில் நிற்கிறான். இங்கே பன்றிக்கறி வெந்து முடிந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“அக்கரை ஆளு ஒருத்தன் காலும் இந்தக் கரையில படக்கூடாது. மேலிடத்து உத்தரவு. கல்யாணத்தத் தள்ளி வைங்க” என்றான் காவல் சிப்பாய்.

“எங்க பன்னி மேலிடத்தக் கேட்டுட்டா செத்துச்சு?” என்றேன்.

மேளம் கொட்டிக் கிளம்பிய மாப்பிள்ளை திரும்பிப் போனால் அந்தச் சம்பந்தம் முறிந்ததாகவே அர்த்தம். அம்மா அழத் தொடங்கினாள். கன்னிப்பெண்ணின் வெள்ளை அங்கியோடு நின்ற லா வா மட்டும் அழவில்லை.

“அண்ணே, நடுவுல இருக்கே மணல் திட்டு, அது யாரோடது?” என்று சிப்பாயைக் கேட்டாள்.

“அது மழைக்கு மழை இடம் மாறும். ரெண்டு பக்கமும் கணக்குல எடுக்கிறதில்ல.”

“அப்ப நான் எடுத்துக்கிறேன்.”

கல்யாணப் பந்தலின் மூங்கில்களை அவளே பிடுங்கினாள். உறவுக்காரர்கள் சுமக்க, முழங்கால் தண்ணீரில் எல்லாரும் இறங்கினோம். மதியத்துக்குள் திட்டின்மேல் காலூன்றி ஒரு பரண் நின்றது. தார்ப்பாய்க் கூரை, மூன்று படி ஏணி. அவள் கையசைத்ததும் அக்கரை மேளம் ஆற்றில் இறங்கியது.

நான் குடத்தைத் தூக்கினேன்.

“ஏற்கெனவே நனைஞ்சுதானேக்கா வந்திருக்கேன்!” என்றான் ஹே தோ.

“அது ஆத்துத் தண்ணி. இது முறைத் தண்ணி. குனிங்க மாப்ள.”

பெண்கள் துணி பிடித்து மறைக்க, லா வா வெள்ளை அங்கியைக் கழற்றிக் கல்யாணமானவளின் சிவப்புக் கைலியும் கறுப்புச் சட்டையும் உடுத்தி வந்தாள். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது. பெருமை தாங்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் சிப்பாய் கரையிலிருந்து கத்தினான். “அதான் கல்யாணம் முடிஞ்சிருச்சே! அவன் அந்தப் பக்கம் போகட்டும், பொண்ணு இந்தப் பக்கம் வரட்டும்!”

“சொந்த வீட்ட விட்டுட்டு எங்கண்ணே போறது?” பரணிலிருந்து லா வா குரல் கொடுத்தாள். “மழைக்கு முன்னாடி துறையத் திறந்துவிடச் சொல்லுங்க. இல்லேன்னா திட்டு எந்தப் பக்கம் நகருதோ, நாங்களும் அந்தப் பக்கம் நகர்றோம்.”

சொல்லிவிட்டு ஏணியை மேலே இழுத்துக்கொண்டாள்.