மூன்றாம் ராஜாவின் முகம்

உளியை ஓங்கிய சிப்பாயின் கையைப் பாய்ந்து பிடித்தான் ஓவியன் நூச்சியோ.

"கொத்தாதே! பக்கத்துலயே பாலன் இயேசு. சுவர் அதிர்ந்தா அவர் முகமும் பெயர்ந்து விழும்."

சிப்பாய் தன் எஜமான் கோர்ஸோவைப் பார்த்தான். கோர்ஸோ பல்லைக் கடித்தார். அவர் இந்த ஊரைப் பிடித்த சூடு இன்னும் ஆறவில்லை. ஆனால் கோயில் சுவர் ஓவியத்தில், பாலனை வணங்க வந்த மூன்று ராஜாக்களில், தீவனத் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்ட மூன்றாம் ராஜாவுக்கு இன்னும் பழைய தலைவன் வியெரியின் முகம். ஓவியத்துக்குக் காசு கொடுத்தவன் அவன். காசு கொடுத்தவன் முகம் ராஜாவுக்கு, அதுதான் வழக்கம். அவனைத் தூக்கில் போட்டு, உடலை ஆர்னோ ஆற்றில் எறிந்தாயிற்று. முகம் மட்டும் பாக்கி.

"நாளைக்குக் கிறிஸ்துமஸ் பூசை. அந்த நாய் மேலே இருக்க, நான் கீழே முட்டி போடணுமா?"

"கொத்த வேண்டாம் பிரபு. அவன் மேலேயே உங்களை வரைஞ்சிடறேன். பொழுது சாயறதுக்குள்ள."

"மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடு."

"இருக்கற மூக்கைக் குறைச்சா ஊர் சிரிக்கும், பிரபு."

சிப்பாய் சிரிப்பை அடக்கி இருமினான்.

"நூச்சியோ!" தூணருகிலிருந்து சீறினாள் வியெரியின் மனைவி தெஸ்ஸா. நிறைமாத வயிறு. "எங்க வீட்டுல எத்தனை வேளை தின்னிருப்பே! என் பிள்ளைக்கு அப்பன்னு காட்ட அந்த முகம் ஒண்ணுதான்டா இருக்கு! சமாதிகூடக் கிடையாது!"

"அவளை விரட்டாதே," என்றார் கோர்ஸோ சிப்பாயிடம். "நின்னு பார்க்கட்டும்."

நூச்சியோ திரும்பவே இல்லை. முட்டையை உடைத்தான். மஞ்சள் கருவில் சாயத்தைக் குழைத்தான். வியெரியின் கண்கள் மறைந்தன, பிறகு வாய். விளக்கேற்றும் நேரத்துக்கு, சுவரில் கோர்ஸோ தொட்டியின் முன் பக்தியோடு மண்டியிட்டிருந்தார்.

மறுநாள் பூசை முடிந்து, தன் முகத்தைத் தானே ரசித்துவிட்டுக் கோர்ஸோ போனார். தெஸ்ஸா நேராக வந்து நூச்சியோவின் முகத்தில் துப்பினாள்.

அவன் துடைத்துக்கொண்டான். சுற்றிலும் பார்த்தான். யாருமில்லை.

"துப்பினது போதும்மா. உங்க பிள்ளை வளர்ந்து, கோபத்துல இந்தச் சுவரைச் சுரண்டாம பார்த்துக்கோங்க."

"சுரண்ட என்னடா மிச்சம் வெச்சிருக்கே?"

"வியெரியை ஈரச் சுண்ணாம்புல வரைஞ்சேன். சாயம் சுவரோட சுவரா இறுகிடுச்சு. கோர்ஸோவைக் காய்ஞ்ச சுவர் மேல வெறும் முட்டையில ஒட்டி வெச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்தினான். "சில மழைக்காலம் போகட்டும். அவன் செதில் செதிலா உதிர்ந்துடுவான். உள்ளேயிருந்து உங்க பிள்ளையைப் பார்க்கப்போறது அவன் அப்பன்தான்."